இன்னொரு மணிக்கட்டு

இருக்கிறார். இப்போதைக்கு இருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் நான் வேறு எதையாவது நினைத்துக்கொள்ளலாம்.

அவள் போனைக் கவிழ்த்து, கண்ணாடி துடைக்கிற துணிக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்மணி தோளில் காய்கறிப் பையோடு, தட்டில் வைத்திருந்த இரண்டு வாட்ச்சுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"யாருக்கும்மா வாங்கறீங்க?"

"வீட்டுக்காரருக்குத்தான். ரிட்டயர் ஆகிட்டாரு. நடக்கப் போறேன்னு கிளம்பினா எங்க போறாரு, எப்ப வருவாரு, ஒண்ணும் தெரியாது. அவர் நடக்கறாரு, எனக்கு மூச்சு வாங்குது."

இந்தக் கேள்விக்கான பதிலை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தப் பெரிய கடையில் கைக்கடிகாரப் பகுதி அவள் பொறுப்பு. இடப்பக்கக் கண்ணாடிப் பெட்டியில் ஸ்மார்ட்வாட்ச்சுகள். கடை திறந்ததிலிருந்து மூடும் வரை முகம் மினுக்கிக்கொண்டே இருக்கும். போன் வந்தால் சொல்லும், செய்தி வந்தால் சொல்லும், மழை வருமா என்று சொல்லும். சட்டைக்கு ஏற்ற நிறத்தில் ஸ்ட்ராப் மாற்றிக்கொள்ளலாம். ஒரே குறை, ராத்திரியானால் பச்சைக் குழந்தை மாதிரி அதற்கும் பசிக்கும். சார்ஜில் போட வேண்டும். வலப்பக்கப் பெட்டியில் ஸ்போர்ட்ஸ் வாட்ச்சுகள். மங்கலான முகம், ஓரத்தில் தடித்த பொத்தான்கள். கடையின் விளக்குக்குக் கீழே அவை எடுபடாது. உச்சி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் எழுத்து பளிச்சென்று தெரியும். ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் கிடக்கும். ஓடிய தூரம், ஏறிய மேடு, உடம்பு எவ்வளவு களைத்திருக்கிறது, நாளைக்கு ஓடலாமா கூடாதா, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். யார் கூப்பிட்டார்கள் என்பதெல்லாம் அதற்குப் பெரிதில்லை.

இடப்பக்கம் கூட்டம் அம்மும். வலப்பக்கம் எப்போதாவது ஒருவர் வருவார். வந்தால் லேசில் போக மாட்டார், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார். சென்ற முறை பயிற்சி கொடுக்க வந்த கம்பெனி பிரதிநிதி சுவரில் உலகப் படத்தைக் காட்டினார். எந்த நாட்டை எடுத்தாலும் ஸ்மார்ட்வாட்ச்சுக்கு வட்டம் வட்டமாகப் பெரிய நிறம். ஸ்போர்ட்ஸ் வாட்ச்சுக்கு ஆங்காங்கே பொட்டு வைத்த மாதிரி.

"உலகம் பூரா இதே கதைதான் மேடம்," என்றார் அவர். "ஆனா ஒண்ணு. அந்தப் பொட்டுக்குள்ள இருக்கறவன் இந்தப் பக்கம் திரும்பியே பாக்க மாட்டான்."

"ஸ்போர்ட்ஸ் வாட்ச்சுல இல்லாத வசதியா ஸ்மார்ட்வாட்ச்சுல இருக்கு? அப்புறம் ஏன் இது மட்டும் இப்படி விக்குது?" என்று யாரோ கேட்டார்கள்.

"உலகத்துல ஓடறவங்க கம்மிங்க. ஓடறவங்களை நினைச்சுக் கவலைப்படறவங்க ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. அந்த வாரம்தான் கணவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

அவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓடுகிறவர். மற்ற ஆண்கள் வேலை விட்டு வந்ததும் டிவி முன்னால் சாய்வார்கள். அவர் ஷூவைத் தேடுவார். நெஞ்சுவலி வந்தது ஓடும்போது அல்ல, அலுவலக மாடிப்படியில். ரத்தக் குழாயில் சின்னதாய் ஒரு கம்பிக் குழல் வைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், ஓடுவதைப் பற்றிப் பரிசோதனைக்குப் பிறகு பேசலாம் என்றார் டாக்டர். அன்று இரவே அவர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் வாட்ச்சைக் கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அவள் அலமாரியைப் பூட்டவில்லை. பூட்டினால் அவரை அவமதிப்பது போல் ஆகிவிடும் என்று தோன்றியது.

மறுநாள் ஊழியர் சலுகையில் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கி வந்து அவர் மணிக்கட்டில் அவளே கட்டினாள். அவருடைய இதயத் துடிப்பும் அவர் இருக்கும் இடமும் அவள் போனில் தெரிகிற மாதிரி ஆப்பை இணைத்தாள். அவர் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்.

"அம்மா, கேட்டுக்கிட்டு இருக்கேன்," என்றாள் காய்கறிப் பைக்காரி.

"மன்னிச்சுக்கங்கம்மா." அவள் வழக்கமான காரியத்தைச் செய்தாள். துணிக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். "இதோ பாருங்க. என் வீட்டுக்காரரு. இப்பப் பூங்காவுல நடந்துக்கிட்டு இருக்காரு. இதுதான் அவர் நெஞ்சு அடிக்கிற அளவு."

பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். எண் ஒன்று கூடி, ஒன்று குறைந்தது. வந்தவளின் முகம் இளகிவிட்டது. எப்போதும் அங்கேதான் இளகும். "அடேயப்பா," என்றாள் மெல்ல. "புருஷனைக் கைக்குள்ளேயே வச்சிருக்கியேம்மா. இதையே குடு."

இப்படித்தான் அவள் விற்றாள். அவள் அளவுக்கு விற்றவர்கள் அந்தக் கடையில் இல்லை.

விற்பதற்காக மட்டும் அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மாலையில் கூட்டம் நெரிக்கும்போதும் ஒரு கண் அங்கேயே இருந்தது. எண் கொஞ்சம் ஏறினால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுவாள். இறங்கினாலும் நிறுத்துவாள். சில மாலைகளில் துடிப்பு மிக நிதானமாக, ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவளின் கை மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். பூங்கா மரத்தடியில் இளைப்பாறுகிறார் போலும் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நேரங்களில் அவர் மேல் ஒரு பரிவு பொங்கும். கூட வாழ்ந்த இத்தனை காலத்தில் அவரை இவ்வளவு நெருக்கத்தில் அறிந்ததே இல்லை என்று தோன்றும்.

வீட்டுக்குப் போனால் கதை வேறு. அவர் சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அவள் போனைப் பார்ப்பாள். எண் சரியாக இருந்தால் தட்டைப் பார்ப்பாள்.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றார் ஒருநாள்.

"தெரியுது."

"என்னைப் பார்த்தா தெரிஞ்சுதா, அதைப் பார்த்தா?"

வேடிக்கையாகத்தான் கேட்டார் என்று வைத்துக்கொண்டு அவள் குழம்பை நகர்த்தி வைத்தாள்.

முதல் எச்சரிக்கை ஒரு மாலையில் வந்தது. திரையில் சிவப்பாக ஒரு வரி: துடிப்பு சீராக இல்லை, மருத்துவரை அணுகவும். கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். கடைசியில் மூச்சு வாங்க எடுத்தார்.

"என்னங்க செய்யுது? நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"ஏன் மூச்சு வாங்குது?"

"போனு பையில இருந்துச்சு. ஓடி வந்து எடுத்தேன்."

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். அவரை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். ஈசிஜி எடுத்தார்கள், ஒரு குறையும் இல்லை. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஒரு சின்னக் கருவியைக் கட்டி அனுப்பி, மறுநாள் கழற்றிப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. "இந்த வாட்ச்சுங்க சில சமயம் தப்பா காட்டும்மா. ரொம்பப் பார்க்காதீங்க, உங்களுக்கு வந்துடும்," என்று டாக்டர் சிரித்தார். வீடு திரும்பும் வழியெல்லாம் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாட்ச் பொய் சொல்கிறது என்று அவள்தான் சொன்னாள். அவர் 'ம்' என்றார். அந்த 'ம்' அவளுக்குள் சின்ன முள் மாதிரி தங்கிவிட்டது. ஆனால் அப்போது அதைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த மாலையே சிவப்பு வரி மறுபடி வந்தது.

காலையில் வாட்ச்சைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பின்னறையில் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தாள். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு பிறந்தவர் மாதிரி இருப்பார். அவளை அக்கா என்பார். வயதில் யார் பெரியவர் என்பது இருவருக்குமே தெரியாது.

"வாட்ச் சுத்தமா இருக்குக்கா," என்றார், எல்லாம் சோதித்துவிட்டு. "ஒரு குறையும் இல்ல."

"டாக்டர் அவருக்கும் குறை இல்லேங்கறாரு."

"அப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நீங்கதான் சரியில்ல."

"விளையாடாதப்பா. தினம் சாயங்காலம் நடக்கறப்பதான் வருது. ராத்திரி சார்ஜ் ஏறினதும் கட்டிக்கிட்டுத்தான் பக்கத்துலேயே படுக்கறாரு, அப்ப வர்றதே இல்ல."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "நடக்கறப்பயா? வராதுக்கா. இந்த எச்சரிக்கை கை அசைஞ்சுக்கிட்டு இருந்தா வராது. ஆள் சும்மா உட்கார்ந்திருக்கணும். கொஞ்ச நேரம் கை ஒரே இடத்துல கிடந்தாத்தான் இது நாடியைப் பிடிச்சுப் பாக்கும். மாமா பூங்காவுல உட்கார்ந்து அரட்டை அடிக்கறாரோ என்னவோ."

வாட்ச்சை வாங்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தாள். கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. துடைக்கலாமென்று ஸ்ட்ராப்பை விரித்தாள். விரல் தானாக நின்றது.

ரப்பர் ஸ்ட்ராப் பேசும். அந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு அது கேட்கும். எந்தத் துளையில் கொக்கி மாட்டுகிறோமோ அந்த இடத்தில் நாளடைவில் ஒரு வரி விழும். துளை கொஞ்சம் நீளும். கணவருக்கு ஒல்லி மணிக்கட்டு. அவளேதான் இறுக்கி, வாட்ச் முகத்துக்குப் பக்கத்துத் துளையில் மாட்டிவிட்டாள். அங்கே வரி இருந்தது. அங்கிருந்து நன்றாகத் தள்ளி, நுனிப் பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது. அதுவும் ஆழமாக. அந்தத் துளை ஒரு தடித்த மணிக்கட்டின் இழுப்பில் முட்டை வடிவமாக நீண்டிருந்தது.

அவள் இரண்டு வரிகளையும் மாறி மாறித் தடவினாள். எத்தனையோ பேர் கையில் கட்டிவிட்டிருக்கிறாள். ஒரே ஆளின் மணிக்கட்டு வீங்கி இவ்வளவு பெருக்காது. பெருத்தாலும் சாயங்காலம் பெருத்து ராத்திரி இளைக்காது.

வாட்ச் பொய் சொல்லவில்லை. அவர் நெஞ்சும் பொய் சொல்லவில்லை.

அன்று மாலை தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வழக்கம் போல் கிளம்பும் கணவரின் கையில் வாட்ச் இருக்க வேண்டும் என்பதற்காக மதியமே அதை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஒரு திருடனைப் பிடிக்கத் தயாராகிற மாதிரி இருந்தது. அந்த நினைப்பு அவளுக்கே கசந்தது.

பூங்காவின் நடுவில் ஒரு குளம். குளத்தைச் சுற்றி நடைபாதை. வாசலுக்குப் பக்கத்து மரத்தடிப் பெஞ்சில் டிரைவர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவருக்கு வெகுநாள் சிநேகிதர். அவள் வீட்டில் கை நனைத்த பழக்கம். பெஞ்சின் கைப்பிடியில் தன் தடித்த கையை வைத்து, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மணிக்கட்டில் அவள் வாங்கிய வாட்ச்.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். ஆற்றங்கரையில் துணி துவைக்கிற அதே நிதானம்.

இத்தனை நாள் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனா. இந்த அண்ணன் மரத்தடியில் கண்ணயர்ந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் பரிவு பொங்கியதா. கடைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் என் புருஷன் என்று இவரைத்தான் காட்டினேனா. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டபோது கண்ணில்தான் நீர் வந்தது.

"அண்ணா."

அவர் கண் திறந்தார். அவளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மறைக்காதீங்க அண்ணா."

"மாட்டிக்கிட்டேன்," என்றார். "அவன்கிட்ட அப்பவே சொன்னேன். டேய், இது வேணாம்டா, தங்கச்சி வாட்ச் கடைக்காரி, கண்ணுலயே எடை போடுவாள்னு. கேட்டாத்தானே. 'சும்மா உட்காராத, நடுநடுவுல எழுந்து நட, இல்லேன்னா அவளுக்குச் சந்தேகம் வரும்'னு என்னையே மிரட்டறான். அவனுக்காக நடந்து நடந்து என் தொப்பைதான் கரைஞ்சுது."

"அவர் எங்க?"

அவர் குளத்தின் மறுகரையை மோவாயால் காட்டினார். "தப்பா எடுத்துக்காத தங்கச்சி. மெதுவாத்தான் ஓடறான். ஓடலேன்னா பைத்தியம் பிடிச்சிடும்னான். எனக்கு மனசு கேக்கல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது. அதைக் கேட்கத்தான் வந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அண்ணா, உங்களுக்கு நெஞ்சுல ஏதாவது செய்யுதா?"

"எனக்கா? எனக்கென்ன. கல்லு மாதிரி இருக்கேன்."

"படபடன்னு வருமா? உண்மையச் சொல்லுங்க."

அவர் யோசித்தார். "படபடன்னு இல்ல. எப்பவாச்சும் உள்ள ஒரு மீனு துள்ளற மாதிரி இருக்கும். கண்ணு லேசா இருட்டும். வயசாச்சுல்ல, பழைய வண்டி. ஏன்?"

"அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தை?"

மறுகரையிலிருந்து ஓர் உருவம் வளைந்து வந்துகொண்டிருந்தது. தூரத்திலேயே அந்த ஓட்டம் தெரிந்தது. தோள் ஆடாது, பாதம் தரையைத் தொட்டும் தொடாமலும் வரும். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கிட்டே வரவர முகம் தெரிந்தது. நெஞ்சுவலிக்குப் பிறகு அந்த முகத்தை அவள் வீட்டில் பார்த்ததே இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத முகம். அதைப் பார்த்த கணத்தில் அவளுக்குக் கோபத்தைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது.

அவளைக் கண்டதும் அவர் நின்றார். நின்றவுடன், பழக்கதோஷத்தில், ஸ்போர்ட்ஸ் வாட்ச்சின் பொத்தானை அழுத்தி ஓட்டக் கணக்கை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"அதை அப்புறம் பேசலாம். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"எதுக்கு?" என்றார் டிரைவர் அண்ணன்.

கணவர் ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் நெஞ்சில் கிடந்த அந்த 'ம்' இப்போது முழு வாக்கியமாகிவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எச்சரிக்கை வந்த நேரத்தில் அது யார் கையில் இருந்தது என்பது தெரிந்திருக்கிறது. தன் நெஞ்சில் ஒயரை ஒட்ட விட்டுக்கொண்டு, ஈசிஜி மேசையில் படுத்துக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

டிரைவர் அண்ணன் வழியெல்லாம் முரண்டு பிடித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லேன்னு சொன்னா, நீ எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தரணும் தங்கச்சி," என்று பந்தயம் வேறு கட்டினார். மருத்துவமனையில் கையில் கிளிப் மாட்டி ஈசிஜி எடுத்ததும் அங்கிருந்தவர்கள் முகம் மாறியது. இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, உள்ளே ரத்தம் கட்டி மூளைக்குப் போகிற அபாயம் இருக்கிறது, நல்ல வேளை வந்தீர்கள் என்றார்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அவருடைய மகன் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தை, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான். வாட்ச் காட்டியது என்று மட்டும் சொன்னாள். கணவர் வராந்தாச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கம் அவள் திரும்பவில்லை. அவருக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தது.

டிரைவர் அண்ணன் பிழைத்து வீட்டுக்குப் போனார். அதுவரை இருவரும் வீட்டில் தேவைக்கு மட்டும் பேசினார்கள். அவர் ஓடப் போகவில்லை. அவள் போனைப் பார்க்கவில்லை. கடையில் யாராவது கேட்டால், இரண்டு வாட்ச்சுகளையும் தட்டில் வைத்து, இது இதைச் செய்யும், அது அதைச் செய்யும் என்று மட்டும் சொன்னாள். விற்பனை இறங்கியது. மேலாளர் என்னவென்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு சட்டையை எடுத்து மடிக்க முயன்றார். கை கோணலாக வந்தது.

"தப்புதான்," என்றார்.

அவள் சட்டையை வாங்கி உதறி மறுபடி மடித்தாள்.

"அது அவன் கையில இருக்கறப்ப வந்ததுன்னு எனக்குத் தெரியும். வாட்ச்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நினைச்சுக்கிட்டீங்களா? இல்ல, அப்படி நினைச்சுக்கிட்டாத்தான் வசதின்னு வச்சுக்கிட்டீங்களா?"

"வச்சுக்கிட்டேன்," என்றார். "சொன்னா ஓடறது நின்னுடும். அதான் கண்ணுக்கு முன்னால நின்னுச்சு. அவன் நிக்கல."

அவர் அதைச் சொல்லிவிட்டார் என்பது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தை நேராகப் பார்க்கிறோம் என்று நினைத்தாள். காதோரம் நரை கூடியிருந்தது. கண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு சுருக்கம். எந்த ஆப்பிலும் இது வந்திருக்காது.

"நான் ஒண்ணு யோசிச்சேன்," என்றார். எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். இடது கையில் ஸ்போர்ட்ஸ் வாட்ச். வலது கையில் அவள் வாங்கிக் கொடுத்தது. இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். "ரெண்டையும் கட்டிக்கறேன். இனிமே ஒளிவு மறைவு கிடையாது. நான் ஓடறேன், நீ பாத்துக்கிட்டே இரு. எண் ஏறுச்சுன்னா ஒரு போன் பண்ணு. அந்த நிமிஷமே நின்னுடறேன். நீ நில்லுன்னா நிக்கறேன், ஓடுன்னா ஓடறேன். போதுமா?"

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. கனமானதை இறக்கி வைக்க இடம் கண்டுபிடித்தவரின் நிம்மதி. முன்பென்றால் அவள் இதற்காக ஏங்கியிருப்பாள். அவர் உடம்பின் கடிவாளத்தை அவரே எடுத்து அவள் கையில் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. மாலை மாலையாகக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று அவரோடு சேர்ந்து அவளும் ஓடுவாள். அவர் குளத்தைச் சுற்றுவார். மூச்சு அவளுக்கு அடைக்கும். ஒருநாள் கூட்டத்தில் கவனம் தவறினால், அவள் கூப்பிடாததால்தான் என்று ஆகும். அவர் பயப்பட வேண்டியதை அவள் பயந்து தீர்ப்பாள். அவர் இலேசாக ஓடுவார்.

"மாட்டேங்க," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. "என்ன மாட்டே? ஓட விட மாட்டியா?"

"அதை நான் சொல்லல. ஓடலாமா வேணாமான்னு டாக்டர்கிட்ட நீங்களே போய்க் கேளுங்க. எல்லாத்தையும் சொல்லிக் கேளுங்க. கூட வரணும்னா வர்றேன்."

"அப்புறம் எதை மாட்டேங்கற?"

"பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அவள் உடம்பெல்லாம் அந்தக் கேள்விதான் இருந்தது, என்றைக்கும் இருக்கும். நீட்டிய கைகளை அவர் இன்னும் மடக்கவில்லை. அவள் அவற்றை மெல்லப் பிடித்து, அவர் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"அது உங்க நெஞ்சுங்க," என்றாள். பிறகு குவியலிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.